நோகாமல் சாய்ந்த புள்ளிகள்

மதுரை,
10-2-1937

அன்புள்ள சுந்தரவல்லி அக்காவுக்கு, அவிழ்க்க முடியாத ஆயிரம் முடிச்சு அன்புடன் தங்கை வசுந்தரா எழுதிக்கொண்டது. இங்கே உன் சித்தப்பா, சித்தி, சாயத் தொட்டி, நான் ஆகிய நால்வரும் சௌக்கியம். அங்கே நீயும் ராஜாராம் அண்ணாவும் அண்ணியும் அண்ணி வயிற்றில் இருப்பவரும் சௌக்கியமா? இருப்பவர் அடிக்கடி உதைக்கிறாராமே! அப்படியானால் அண்ணாவைப் போலப் பள்ளிக்கூட வாத்தியார் ஆவது நிச்சயம்.

அண்ணியின் பிரசவத்துக்கு என்று 'வாடி'ன்னு கூப்பிட்டு உன்னைப் 'பட்டி'யில் அடைத்துவிட்டார்கள். ஊர்ப் பெயரிலேயே சூழ்ச்சி இருக்கிறது. நான் அப்போதே சொன்னேன்.

இனி அம்மா எழுதச் சொன்ன சமாசாரம். ராமநவமிக்கு நம் தெரு பஜனை மடத்தில், சாயமேற்றிய முடிச்சுகளை எல்லோர் முன்னாலும் இழுத்துப் புள்ளி விரித்து, சீதைத் தாயாருக்குச் சாத்தும் மூன்று முழச் சுங்குடியை இந்த வருஷமும் நீதான் கட்டி அனுப்ப வேண்டுமாம். சுலபமாக முடிவாகவில்லை. "ஊரை விட்டுப் போனவள், அதிலும் புருஷனைப் பறிகொடுத்தவள், தாயாருக்கு முடிச்சுப் போடலாமா?" என்று மடத்தில் இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். மடத்துப் பெரியவர் சௌரிராஜன் மாமா மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு, "தாயாருக்குச் சாத்துவது துணியை. அது யார் கை என்று துணிக்குத் தெரியும். அந்தக் கை நம் தெருவில் ஒன்றுதான்" என்றார். பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மீசைக்கு முன் யார்தான் திறப்பார்கள்? இரண்டு விளக்குமாற்றைக் குறுக்கே வைத்துக் கட்டியது மாதிரி!

எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. எல்லோரும் கை, கை என்கிறார்கள். பாடுகிறவருக்குப் பாணி, எழுதுகிறவருக்கு நடை, முடிச்சுக்காரிக்குக் கை. எல்லாம் ஒரே விஷயம்தான். பழக்க தோஷம்! பஜனை பாகவதர் சரணத்துக்கு முன் காதைப் பொத்துவார். நானும் காதைப் பொத்திக்கொண்டு பாடினேன். அடுத்த வீட்டுச் செல்லத்தாய், "பாகவதர் எப்ப வந்தாக?" என்று எட்டிப் பார்த்தாள். தையற்காரர் ஷேக் தாவூது தைத்த சட்டை கொடியில் காய்ந்தாலே தெரியும்: இடது தோள் ஒரு விரற்கடை உயரம். அதைப் பார்த்து நானும் ஒரு சட்டையை ஒரு விரற்கடை உயர்த்தித் தைத்தால் தீர்ந்தது. எதையும் நாலு நாள் உற்றுப் பார்த்தால் பிடித்துவிடலாம். என்ன சொல்கிறாய்?

உன் பதில் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்,
வசு

வாடிப்பட்டி,
26-2-1937

சிரஞ்சீவி வசுந்தராவுக்கு ஆசீர்வாதம். இங்கே யாவரும் க்ஷேமம். சித்தியின் முழங்கால் வலி தேவலையா? சித்தப்பாவைச் சாயப் புகையில் அதிக நேரம் நிற்க விடாதே.

துணி கட்ட ஆரம்பித்துவிட்டேன். மாமா எனக்காகப் பேசினார் என்று எழுதியிருந்தாய். அதை மூன்று தரம் படித்தேன். இந்த வீட்டில் நான் அண்ணன் தயவில் இருப்பவள். அந்தத் துணி ஒன்றில்தான் நான் சுந்தரவல்லி.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஷேக் தாவூது தைப்பது மூட்டை தூக்குகிறவர்களுக்கு. சுமந்து சுமந்து அவர்களுக்கு ஒரு தோள் தடித்திருக்கும். அவர்கள் உடம்பில் அந்தச் சட்டை நேராக நிற்கும். கொடியில்தான் கோணல். நீ பார்த்தது கொடியை.

இப்படிக்கு,
சுந்தரவல்லி

மதுரை,
20-3-1937

முடிச்சரசி அக்காவுக்கு, முடிச்சுமாறித் தங்கையின் வணக்கம். இங்கே எல்லோரும் திவ்விய சௌக்கியம். நீ எழுதியபடியே அம்மாவின் முழங்காலை விசாரித்தேன். அது பதில் சொல்லவில்லை.

நீ பஸ் டிரைவர் காளையிடம் கொடுத்தனுப்பிய பொட்டலம் பத்திரமாக வந்தது. "என்ன பாப்பா, இம்புட்டுக்காண்டு பொட்டலத்துக்கு அந்தக்கா அம்புட்டுப் பத்திரம் சொல்லுச்சு! உள்ள என்ன, வைரமா?" என்றார். "அதுக்கும் மேல அண்ணே, கை!" என்றேன். மனுஷர் பயந்து பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார்.

நான்கு நாளாக உன் முடிச்சுகளைப் பாடம் படிக்கிறேன். அநேகமாக எல்லாமே இடது பக்கம் ஒரு நெல் முனை அளவு சாய்ந்திருக்கின்றன. இத்தனை நாள் கவனிக்கவில்லையே! பிடித்துவிட்டேன் அக்கா, உன் கையைப் பிடித்துவிட்டேன். இனி அது என் கை. ராமநவமியன்று தெருவே வயிறு குலுங்கச் சிரிக்கப் போகிறது. அதற்கு மேல் கேட்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டேன். சிரித்த பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு, இப்போதே சிரித்துக்கொண்டிருக்கும்,
வசு

மதுரை,
24-4-1937

அன்புள்ள அக்காவுக்கு வசுந்தராவின் அநேக நமஸ்காரம். இங்கே யாவரும் நலம். அங்கே எல்லோரும் நலமா? அண்ணி நலமா? குழந்தை பிறந்ததா? உன் உடம்பு நலமா?

ராமநவமி நடந்தது. மழை இல்லை. பானகம் நன்றாக இருந்தது. பாகவதருக்குத் தொண்டை கட்டியிருந்தது. சௌரிராஜன் மாமா மீசையை எடுத்துவிட்டார். வெயில் அதிகம்.

வேறு விசேஷமில்லை.

வசுந்தரா

வாடிப்பட்டி,
2-5-1937

சிரஞ்சீவி வசுவுக்கு ஆசீர்வாதம். அண்ணிக்கு ஆண் குழந்தை. இருவரும் சுகம்.

உன் கடிதத்துக்கு மறுநாள் மாமாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. தாயாருக்கு நான் கட்டிய துணி. சாயமேற்றி, முடிச்சு இழுத்த துணி. உடன் ஒரு வரி: "இனி சிரமப்பட வேண்டாம்."

பிரித்துப் பார்த்தேன். முந்தி மூலையில் புள்ளிகள் சேர்ந்து ஒரு முகமாக இருக்கின்றன. இரண்டு கண், ஒரு மூக்கு, முறுக்கிய மீசை. யார் முகம் என்று குழந்தைக்கும் தெரியும்.

வசு, நான் இதைக் கட்டவில்லை. தெருவே சிரிக்கும் என்று எழுதினாயே, உன் விளையாட்டோ என்று ஒரு கணம் நினைத்தேன்; கோலப் புள்ளியே நேராக வராத உனக்கு இது எங்கே வரும்? ஆனால் என் கைதான். புள்ளி புள்ளியாகப் பார்த்துவிட்டேன். அளவு என்னுடையது, சாய்வு என்னுடையது. கட்டின நாட்களில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்தது. ஒருவேளை அந்த மயக்கத்தில் செய்தேனா? எனக்காகப் பேசிய ஒரே மனிதரைத் தாயார் சேலையில் பரிகாசம் செய்தேனா? பொட்டலத்தை வாங்கியவள் நீ. அப்போதே அந்த முகம் அதில் இருந்ததா? உள்ளதைச் சொல். நீ என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்கிறேன்.

சுந்தரவல்லி

மதுரை,
14-5-1937

அன்புள்ள அக்காவுக்கு, நமஸ்காரம். குழந்தைக்கு என் முத்தம். உதைத்தவர் வெளியே வந்துவிட்டார் போலும், ஹா ஹா.

நீ வீணாகக் கவலைப்படுகிறாய். முடிச்சாக இருக்கும்போது முகம் யாருக்குத் தெரியும்? எல்லாம் அரிசி கொட்டினது மாதிரிதான் இருக்கும். காய்ச்சலில் கை எங்கேயாவது போயிருக்கலாம். யாருக்குத்தான் போகாது? போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பாவைச் செல்லத்தாய் என்று கூப்பிட்டேன். மறந்துவிடு. தெருவிலும் மறந்துவிடுவார்கள்.

வசு

வாடிப்பட்டி,
5-6-1937

சிரஞ்சீவி வசுவுக்கு ஆசீர்வாதம். சித்தப்பா, சித்திக்கு என் நமஸ்காரம்.

முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டேன். விட்டேன் என்பதைவிட, அண்ணி நூல்கண்டை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். குழந்தையை என்னிடம் தனியாக விடுவதில்லை. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். தான் செய்தது இன்னதென்று தெரியாதவளிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

தவசி என்று குறி சொல்லும் ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். உடுக்கை அடித்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார். "ஓன் கைக்குள்ள வேற ஒரு கை பூந்துருக்கு தாயி. அது போனாத்தான் நீ நீயா இருப்ப" என்றார். அண்ணா வாத்தியார். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர். அவரும் தலையை ஆட்டினார்.

மாமாவுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். செய்த நினைவில்லை. ஆனாலும் என் கை செய்தது, நான்தானே பதில் சொல்ல வேண்டும்? நீ சொன்னது சரி, காய்ச்சலில் போயிருக்கும். உண்மையைச் சொன்னதற்கு நீ நன்றாக இருக்க வேண்டும்.

சுந்தரவல்லி

மதுரை,
16-6-1937

அக்கா,

நான்தான் செய்தேன்.

நீ அனுப்பிய துணி இத்தனை நாளும் என் புஸ்தகப் பெட்டியில்தான் இருந்தது. பொட்டலம் வந்ததும் அப்பா அதற்குச் சாயமேற்றிக் காயப்போட்டார். நான் வேறொரு துணியில் உன் கையைப் பார்த்துக் கட்டி, அப்பா விட்ட மிச்சச் சாயத்தில் தோய்த்து, மாற்றி வைத்தேன். மூலையில் மாமாவை வரைந்தேன். எல்லோரும் சிரிப்பார்கள், "இதுவும் சுந்தரவல்லி கையா?" என்று திகைப்பார்கள், நான் ஓடிப்போய் உன் துணியை எடுத்துவந்து, "இதோ அசல், அது என் வேலை!" என்று சொல்வேன், என் சாமர்த்தியத்தைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளக்கும் என்று நினைத்தேன்.

ராமநவமியன்று அம்மா ஒரு முனையையும் சௌரிராஜன் மாமி ஒரு முனையையும் பிடித்து இழுத்தார்கள். முடிச்சுகள் படபடவென்று தெறித்தன. முகம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. இடுப்பில் இருந்த ஒரு குழந்தை மட்டும் மாமாவைக் காட்டி, "தாத்தா!" என்றது. மாமா மீசையைத் தொட்டார். பிறகு அது வேறு யாருடையதோ என்பது போலக் கையை எடுத்துக்கொண்டார். முன்பு உன்னை வேண்டாமென்றவர்களில் ஒருவர், "கை கை என்றீர்களே, பார்த்தீர்களா கையை?" என்றார். மாமா போன வருஷத் துணியையே எடுத்துத் தாயாருக்குச் சாத்தினார். மறுநாள் மீசை இல்லாமல் வந்தார்.

நான் அங்கேதான் நின்றேன். ஓடவில்லை. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அத்தனை கண்ணும் என் மேல் திரும்பும் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒத்திப்போட்டதில் ஐம்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் நீ கேட்டாய். அதற்கு நான் எழுதிய பதில் உன்னிடம் இருக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்கு முகம் இல்லை.

உன் கடிதம் வந்ததும் உன் துணியை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனேன். சொன்னேன். யாரும் நம்பவில்லை. நம் தெருவார் வீட்டில் பேசும் பாஷையில் நடந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"அக்காளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய்" என்றாள் மாமி.

"இல்லை மாமி, நான்தான்."

"உனக்குக் கோலத்தில் நாலு புள்ளி நேராக வராதே! இது சுந்தரவல்லி கை. குருடனுக்கும் தெரியும்."

"இந்தத் துணியைப் பாருங்கள். இதுதான் அக்கா அனுப்பியது."

"இரண்டாவதாக ஒன்று அவளே கட்டி அனுப்பியிருப்பாள்."

நான் நன்றாகச் செய்திருந்ததே உன் மேல் குற்றமாக நின்றது அக்கா. கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால் அன்றைக்கே நீ தப்பித்திருப்பாய்.

மாமா நூலும் துணியும் கொண்டுவரச் சொன்னார். "கட்டு" என்றார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். பதினோரு முடிச்சுப் போட்டேன். அளவு உன்னுடையது, சாய்வு உன்னுடையது. மாமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, பிளந்தார்கள்.

மாமா திட்டவில்லை. நீ அவருக்கு எழுதிய மன்னிப்புக் கடிதத்தை என் கையில் கொடுத்தார். "சத்தமாகப் படி. எல்லோருக்கும் கேட்கட்டும்" என்றார். படித்தேன். 'நான் செய்த பிழை எனக்கே நினைவில்லை, ஆயினும் தங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியற்றவள்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. யாருடைய குரலில் வேண்டுமானாலும் பேசுகிறவள் நான். அந்த ஒரு வரியைச் சொல்ல எந்தக் குரலும் வரவில்லை. "முழுசும் படி" என்றார் மாமா. படித்தேன்.

மாமா அண்ணாவுக்கு இன்று எழுதுகிறார். அப்பா என்னோடு பேசுவதில்லை. அதெல்லாம் உன்னிடம் சொல்லிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை.

கோடாங்கி சொன்ன அந்த வேறு கை என்னுடையது.

வசுந்தரா

வாடிப்பட்டி,
9-7-1937

வசுந்தராவுக்கு,

உன் கடிதமும் மாமாவின் கடிதமும் வந்தன. அண்ணி நூல்கண்டைத் திருப்பிக் கொடுத்தாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அழுதாள்.

மாமா அனுப்பிய துணியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இந்தத் தரம் எனக்குத் தெரிந்துவிட்டது. கலியாணத்துக்கு முந்தின வருஷம் சாயப் பானை என் ஆள்காட்டி விரலைச் சுட்டது. ஆறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆறவில்லை. காலையில் கட்டும் வரிசைகள் நேராக இருக்கும். வெயில் ஏற ஏற விரல் நோகும், முடிச்சு இடது பக்கம் சாயும். சாயங்கால வரிசைகள் நன்றாகவே சாய்ந்திருக்கும். என் துணியைப் பார்த்தால் எனக்குப் பொழுது தெரியும்.

உன் துணியில் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒரே அளவு சாய்ந்திருக்கின்றன. நீ நோகாமல் சாய்த்திருக்கிறாய். இதை முன்பே பார்த்திருக்க வேண்டியவள் நான். என் கையையே நான் நம்பாமல் போனேன். அப்படி ஆக்கிவிட்டாயே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒன்று கேட்கிறேன். சித்திரையில் மழை இல்லை, பானகம் நன்றாக இருந்தது என்று எழுதினாயே, அது யார் நடை? காய்ச்சலில் கை போயிருக்கும் என்று ஆறுதல் சொன்னாயே, அது யார் நடை? இப்போது மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாய். என் அழுகையைப் பார்த்து எழுதிய அழுகையா, உன்னுடையதா? எல்லோரையும் போல எழுதத் தெரிந்தவளின் கடிதத்தை நான் எப்படி நம்புவேன்?

சுந்தரவல்லி

மதுரை,
28-8-1937

அக்காவுக்கு,

உன் கேள்விக்கு ஒன்றரை மாதமாகப் பதில் தேடினேன். காகிதத்தில் எழுதினால் எல்லாம் பொய் மாதிரி இருந்தது. அதனால் ஒரு கைக்குட்டை கட்டினேன். யாரையும் பார்க்காமல் கட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதல் வரிசை உன் கையாக வந்தது. பிரித்தேன். அடுத்தது அம்மா கை. பிரித்தேன். அதற்கடுத்தது மாமி கை. எல்லாவற்றையும் பிரித்த பிறகு எனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. மூன்று நாள் வெறும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எப்படியோ கட்டினேன். மோசமாக இருக்கிறது. காளை அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் துணி என் பெட்டியில் முடிச்சோடு அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

நீ நலமா என்று கேட்க ஆசை. கேட்கலாமா?

வசு

வாடிப்பட்டி,
17-9-1937

சிரஞ்சீவி வசுவுக்கு,

நலம். கேட்கலாம்.

கைக்குட்டை வந்தது. வழியிலேயே நாலு முடிச்சு அவிழ்ந்துவிட்டன. ஒரு மூலையில் புள்ளியே இல்லை. நடுவில் ஒன்று பட்டாணி அளவு, பக்கத்தில் ஒன்று கடுகு அளவு. அண்ணி கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு கட்டுனது, இம்புட்டுக் கோணலா?" என்றாள்.

நானும் பார்த்தேன். உன் முடிச்சுகள் வலது பக்கம் சாய்கின்றன. நம் வீட்டில் அந்தப் பக்கம் யாரும் சாய்த்ததில்லை.

"எங்க வசு" என்று சொன்னேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். என் துணியை அவிழ்க்காதே, வேறு யாரிடமும் கொடுக்காதே. ஐப்பசியில் அண்ணா என்னை மதுரைக்குக் கூட்டிவருகிறார். தனி ஆளாக இழுத்தால் முடிச்சு போகாது, துணிதான் கிழியும். மடத்தில் எல்லோர் முன்னாலும் நீ ஒரு முனையைப் பிடி, நான் ஒரு முனையைப் பிடிக்கிறேன். மாமாவை வரச் சொல். அதற்குள் அவருக்கு மீசை வளர்ந்திருக்கும்.

சுந்தரவல்லி